பிரேக் ஏன் கைவிட்டது? மேட்டுப்பாளையம் ஷெட்டிலிருந்து வாசகர்களுக்குப் பதில்கள்

ஊட்டி மலையை விட்டு இறங்கும் வண்டிகள் மூச்சு வாங்கி நிற்கிற முதல் ஊர் எங்களுடையது. 26 வருடமாக இங்கே ஷெட் வைத்திருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பாதிப் பேர், "இதை மாற்றினேன், அதை மாற்றினேன், இன்னும் சரியாகவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். பணம் போயிருக்கிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. பொருளை மாற்றுவதற்கு முன்னால் காரணத்தைப் பிடிக்க வேண்டும். என் முதலாளி எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போய்விட்டு கோத்தகிரி வழியாக இறங்கினோம். பாதி மலையில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகி, கடைசியில் தரை வரை போய்விட்டது. எப்படியோ கியரைக் குறைத்து ஓரத்தில் நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடிக்கிறது! ஊருக்கு வந்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், "ஒரு கோளாறும் இல்லை, நீங்கள் பயந்திருப்பீர்கள்" என்கிறார்கள். என் மனைவி இப்போது அந்த வண்டியில் ஏறவே மறுக்கிறாள்.
– வாசகர், ஈரோடு

நீங்கள் பயந்ததால் வந்தது இல்லை. உங்கள் பிரேக் உண்மையிலேயே போனது, பிறகு உண்மையிலேயே திரும்பி வந்தது. ஒர்க்‌ஷாப்காரர் குளிர்ந்த வண்டியைப் பார்த்திருக்கிறார், அதனால் அவர் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டர்தான். கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்திலிருந்து வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்குகிறீர்கள். என்னிடம் வண்டி விடும் இயற்பியல் வாத்தியார் ஒருவர் ஒருநாள் ஷெட் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினார். 1,200 கிலோ கார் அந்த உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தியை வைத்து 70 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமாம். நாலைந்து குடம் தண்ணீர்! இன்ஜினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நீங்கள் கியரைப் பயன்படுத்தாமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால், மிச்சச் சூடு முழுவதும் உள்ளங்கை அகலப் பிரேக் பேடுகள் மேல்தான் விழும்.

அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 என்ற தர வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது. டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140க்கும் 155க்கும் இறங்கிவிடுகிறது. பழைய ஆயில் மலையில் கொதித்து ஆவிக்குமிழாகிறது. திரவத்தை அழுத்தினால் அது சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். அதுதான் உங்கள் காலுக்குப் பஞ்சு மாதிரி தெரிந்தது. ஆறினதும் குமிழி மறுபடி திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகிவிடும்.

போன சீசனில் ஒரு சாயங்காலம் ஒரு குடும்பம் ஷெட் வாசலில் வந்து நின்றது. வண்டி நிற்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது, கருகின லைனிங் வாடை. குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. முன் சக்கரத்தைக் கழற்றினோம். பேடுகள் அழுத்திப் பிடிக்கிற இரும்புத் தட்டான டிஸ்க், மயில் கழுத்து நிறத்துக்கு மாறியிருந்தது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டேன். புது ஆயில் இளம் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இது காபி டிகாஷன். வண்டி வாங்கி ஆறு வருடம், ஒருமுறைகூட மாற்றவில்லை. அந்த அம்மாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்றி, நாலு சக்கரத்துப் பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை எடுத்து, புது ஆயில் விடச் சொல்லுங்கள். டாப்-அப் செய்தால் போதாது. எந்த வகை என்பது டப்பா மூடியிலேயே போட்டிருக்கும். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் முகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள், செங்குத்தான இடத்தில் முதல் கியர். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள், ஆற நேரம் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் 'டி'யிலேயே இறங்குவதுதான் நான் பார்க்கிற பெரிய தப்பு. குறைந்த கியருக்கான 'எல்' இருந்தால் அதில் போடுங்கள், மேனுவல் மோட் இருந்தால் கியரைக் கையால் இறக்குங்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், மிச்சமே ஆகாது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரிந்துகொண்டே இருக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் ஆபத்து. கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று அழுத்தலுக்குத்தான் தாங்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

இனி ஒருமுறை பெடல் உள்ளே போனால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கொஞ்சம் பிடிப்பு திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட்பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் மெல்ல மெல்ல ஏற்றுங்கள், மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். நின்ற பிறகு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடேறிய டிஸ்க் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அது தானாக ஆறட்டும். உங்கள் மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி மாற்றினேன். பத்து நாளில் மறுபடி அதே கதை. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று அதையும் மாற்றினார்கள். மொத்தம் 17,000 ரூபாய் ஆகிவிட்டது. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

மாற்றாதீர்கள், முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில். செல்ஃப் அடிக்கிற நேரத்தில் 9.6க்குக் கீழே போகக் கூடாது. இந்த மூன்றும் சரியென்றால் பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் குறையில்லை.

அடுத்ததாக நான் பார்ப்பது எர்த் வயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற தடித்த வயர் அது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் தவிக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் நர்ஸ் அம்மா ஒருவருக்கு இதே தொல்லை. நைட் டியூட்டி முடிந்து விடிகாலையில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்பார். வெளியூரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார்கள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கியர் பாக்ஸ் பக்கம் எர்த் வயர் முடிகிற இடத்தில் பத்தாம் நம்பர் போல்ட் விரலாலேயே சுற்றியது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பும் சிவப்புத் துருவும் பொருக்காக ஒட்டியிருந்தன. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் இரும்பு மினுங்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். சாவியைத் திருப்பின உடனே எடுத்தது. அந்த அம்மா ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அழுதுவிட்டார். அத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறது.

டெர்மினலில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றித் துலக்குங்கள். எர்த்தும் சரி, டெர்மினலும் சரி என்றால், வண்டி நிற்கும்போது எது கரண்ட் குடிக்கிறது என்று பாருங்கள். பூட்டி அரை மணி நேரத்துக்குப் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஏதோ விழித்திருக்கிறது. நேராகப் பேட்டரியில் கொடுத்த டேஷ் கேமராவாக இருக்கலாம், ஜிபிஎஸ் கருவியாகவும் இருக்கலாம். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் குற்றவாளி சிக்கிவிடுவான். கழற்றின பழைய பொருள்களைக் கேட்டு வாங்குங்கள், அவை உங்களுடையவை.

அம்மாவின் கார் 12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. கடைக்காரர் நாலையும் மாற்றச் சொல்கிறார். வியாபாரத்துக்காகச் சொல்கிறாரா?
– வாசகி, திருப்பூர்

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்து, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால் கடைக்காரர் சொல்வது நியாயம். ஓடாத வண்டியிலும் ரப்பர் வெயிலில் வறண்டு போகும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது சட்டத்துக்குப் போதும், வறண்ட ரப்பருக்கு அது போதாது. ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

என் 2014 பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தது, இப்போது 14தான். எல்லோரும் எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். இதற்கு என்ன மருந்து?
– வாசகர், மதுரை

கொஞ்சம் உண்மை, ஆனால் முழுக்க இல்லை. ஒரே அளவில் எடுத்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. 16இல் 7 சதவீதம் என்றால் 15க்குக் கொஞ்சம் கீழே. உங்களுக்குக் குறைந்திருப்பது 12 சதவீதத்துக்கு மேல். மிச்சத்தை வண்டியில் தேடுங்கள்.

டிஸ்ப்ளே காட்டுவதை விட்டுவிட்டு, டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி நீங்களே கணக்குப் போடுங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். நாற்பது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தின் பக்கமும் கையைத் தொடாமல் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிப் பிடித்திருக்கிறது. இந்த வயது வண்டியில் பெட்ரோல் ஹோஸ்களையும் ஒருமுறை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் வாடை வந்தால் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே மாற்றுங்கள்.

டிராஃபிக்கில் நின்றால் டெம்ப்ரேச்சர் முள் ஏறுகிறது, பைபாஸில் ஓடினால் இறங்கிவிடுகிறது. தினமும் போர் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறேன்.
– வாசகர், கரூர்

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் வருகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ், சென்சார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்மாறாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையோ, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டையோ சந்தேகப்படலாம்.

போர் தண்ணீரை இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் வீட்டு வெந்நீர் பாத்திரத்தில் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரின் நூல் குழாய்களில் படிகிறது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, அதையும் தேட வேண்டும். இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள், மோர் நிறத்தில் படிந்திருந்தால் இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. நான் தொழில் பழகிய காலத்தில் கூட இருந்த ஒரு பையனுக்குக் கழுத்திலிருந்து நெஞ்சு வரை வெந்துபோனது.

மழையில் பார்க்கிங்கில் கார் சீட் வரை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

கூடாதம்மா, சாவியைக்கூடப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தண்ணீர்க் கோடு தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, டோ வண்டியில் அனுப்புங்கள். முழு இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் தண்ணீருக்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது என்றால், இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பை நீங்கள் தனியாக எடுத்திருக்காவிட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அப்பா காலமாகிவிட்டார். அவர் கார் பதினொரு மாதமாக வீட்டு ஷெட்டில் கவர் போட்டு நிற்கிறது. விற்க மனசில்லை, நானே ஓட்டலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, தென்காசி

நல்ல முடிவு அம்மா. அவசரப்பட்டு வேறு வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். முதலில் கவரை எடுத்து, பானெட்டைத் திறந்து, எலி கூடு கட்டியிருக்கிறதா, வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறக்க வேண்டும், எலிக்குப் பிடித்த இடம் அது. இன்ஜின் ஆயில் குச்சியை உருவி அளவைப் பாருங்கள். கூலன்ட், பிரேக் ஆயில் டப்பாக்களையும் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிக் கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் அதை மட்டும் புதிதாக வாங்கலாம். டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை ஒரு மெக்கானிக்கை வைத்து வடித்துவிட்டுப் புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். டயருக்குக் காற்று அடியுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்காமல் பத்து நிமிடம் அப்படியே ஓட விடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால் பின் லைனிங் ட்ரம்மோடு ஒட்டியிருக்கும், வண்டி நகர மறுக்கும். வலுக்கட்டாயமாக இழுக்காமல் ட்ரம்மைச் சுற்றித் தட்டி விடுவிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று பிரேக்கில் கரகரவென்று சத்தம் வரும், அது டிஸ்க் மேல் படிந்த துரு, போய்விடும். தெருவுக்குள்ளேயே நாலு சுற்று சுற்றுங்கள். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் பிரேக் ஆயிலையும் மாற்றின பிறகு மெயின் ரோட்டுக்குப் போகலாம்.

பேப்பர் வேலையும் இருக்கிறது. ஆர்சி புக் அப்பா பெயரில் இருந்தால், அவர் இறந்ததை 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு தாண்டிவிட்டது. இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசுங்கள். இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

இன்னொன்று. டேஷ்போர்டு பெட்டிக்குள் சின்ன நோட்டு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அந்த வயதுக்காரர்கள் பலரும் எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினோம், எப்போது டயர் வாங்கினோம் என்று தேதி போட்டு எழுதி வைப்பார்கள். இருந்தால் கடைசி இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று அவர் எழுதின இடத்திலிருந்து சொல்கிறேன்.